உங்களுக்குத் தெரியுமா? மன்னாரில் வளர்ந்த கண்டி இளவரசி

● கண்டி அரியணைக்கு உரிய ஒரு பெண் குழந்தை மன்னாரில் வளர்ந்தாள். பெயர் குசுமாசனதேவி. சீதாவாக்கை அரசன் முதலாம் இராஜசிங்கன் கண்டியைப் பிடித்தபோது அவளுடைய தகப்பன் கரலியத்த பண்டாரன் குடும்பத்தோடு திருகோணமலைப் பக்கம் ஓடினார். அங்கே அம்மை கண்டு இறந்துபோனார். குழந்தையைப் போர்த்துக்கேயர் மன்னாருக்குக் கொண்டுவந்து, ஞானஸ்நானம் கொடுத்து, தோனா கத்தரினா என்று பெயர் வைத்தார்கள். இதை அடைக்கலம் என்று எழுதுவார்கள். எனக்கு அது சிறைதான். வளர்த்தவர்களுக்கு வேண்டியிருந்தது பிள்ளை அல்ல, கண்டியின் முடி. 1594இல் தளபதி பேரோ லோப்பஸ் டி சோசா அவளைக் கண்டி அரசியாக்கப் படை நடத்திப் போனார். தந்துறையில் அந்தப் படை அழிந்தது. வென்ற கண்டி அரசன் விமலதர்மசூரியன் அவளை மணந்து தன் ஆட்சிக்கு உரிமை தேடிக்கொண்டார். அந்தப் பெண்ணின் விருப்பத்தை இரண்டு பக்கத்தாரும் கேட்கவில்லை.

● தள்ளாடி என்ற ஊரைத் தாண்டிப் பாலத்தால் மன்னார்த் தீவுக்குள் போனவுடன் தெரியும் மன்னார்க் கோட்டையில் ஓர் அறையைக் காட்டி, “இளவரசி இருந்தது இங்கேதான்” என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டு நம்பவேண்டாம். போர்த்துக்கேயர் 1560இல் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து, 1696இல் திருப்பிக் கட்டினார்கள். கத்தரினா 1613இலேயே இறந்துவிட்டார். சுவரின் வயதை முதலில் பார்க்கவேண்டும். கதையை அதற்குப் பிறகு கேட்கலாம்.

● போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்த இரண்டாம் இராஜசிங்கன், இதே கத்தரினாவின் மகன்.

● கொழும்புக் கோட்டையில் ஒரு சின்ன அறை கண்டியின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிறைக்கூடம் என்று காட்டப்படுகிறது. ஆனால் அக்காலத்தில் இலங்கையில் பணியாற்றிய மருத்துவர் ஹென்றி மார்ஷல் எழுதியிருப்பதோ, கோட்டைக்குள் வசதியான ஒரு வீட்டில் அவர் வைக்கப்பட்டதாக. 1815 பெப்ரவரி 18இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட அரசர், 1816 ஜனவரியில் கப்பலேறும்வரை தம் அரசியரோடு கொழும்பில் இருந்தார். ஒரு குடும்பம் முழுவதையும் அந்த அறைக்குள் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

● கப்பல் போய்ச் சேர்ந்தது சென்னைக்கு. அங்கிருந்து வேலூர்க் கோட்டை. அங்கே அடையாளம் தேட அலையவேண்டாம், கட்டடத்தின் பெயரே கண்டி மகால். பக்கத்திலே திப்பு மகால்: 1799க்குப் பிறகு திப்பு சுல்தானின் குடும்பத்தையும் இதே கோட்டையில்தான் வைத்திருந்தார்கள், 1806 சிப்பாய்ப் புரட்சிவரை. கண்டி அரசர் 1832 ஜனவரி 30இல் வேலூரிலேயே காலமானார். பாலாற்றங்கரையில் அவருடைய சமாதிமேல் முத்து மண்டபம் எழும்பியது 1990இல்.

● கண்டி அரசரைப் போலவே பர்மாவின் கடைசி அரசர் தீபோவையும் ஆங்கிலேயர் 1885இல் பிடித்து முதலில் சென்னைக்கும் பிறகு இரத்தினகிரிக்கும் கொண்டுபோனார்கள். இரத்தினகிரியில் எல்லாரும் போய்ப் பார்க்கும் தீபோ அரண்மனை 1910இல்தான் கட்டி முடிந்தது. அரசர் இறந்தது 1916இல். முப்பது வருடச் சிறைவாழ்வில் அந்த வீட்டுக்கு உரியது ஆறே வருடம். மீதியெல்லாம் வேறு வீடுகளில்.

● கத்தரினாவின் உறவுமுறையில் ஓர் இளவரசன், தோன் ஜோவான், போர்த்துக்கல்வரை கொண்டுபோகப்பட்டுக் குருவானார். லிஸ்பனின் டெல்யைராஸ் பகுதியில் அவர் கட்டுவித்த தேவாலயம் இன்றும் இருக்கிறது. 1642இல் இறந்தார். கண்டிக்குத் திரும்பவே இல்லை.