திமிங்கிலமும் தீர்ப்பும்

விஞ்ஞானிகள் ஒன்றை இன்ன வகையினதென்று வகுக்கும்போது பொதுமக்களின் அபிப்பிராயத்துக்கும் இடமளித்தல் வேண்டுமா? இவ்வினாவை ஆராய்வோர்க்கு 1818ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் நடந்த வழக்கொன்று நல்ல துணையாகும்.

மீனெண்ணெய்ப் பீப்பாய்களைப் பரிசோதகர் சோதித்தல் வேண்டும் என்பது அக்காலத்தில் அம்மாநிலத்துச் சட்டம். சாமுவேல் ஜட் என்னும் வணிகர் சோதிக்கப்படாத மூன்று பீப்பாய்த் திமிங்கில எண்ணெயை வாங்கினார். பரிசோதகர் ஜேம்ஸ் மோரிஸ் தண்டப்பணம் கோரி வழக்கிட்டார். திமிங்கிலம் மீனன்று, ஆதலின் அதன் எண்ணெய் மீனெண்ணெயுமன்று என்பது வணிகர் தரப்பு வாதம்.

இயற்கையியல் அறிஞர் சாமுவேல் மிச்சில் அவ்வாதத்துக்கு ஆதரவாகச் சாட்சி கூறினார். திமிங்கிலம் நுரையீரலால் மூச்சுவிடுவது, குட்டியீன்று பாலூட்டுவது. லினேயஸ் 1758இலேயே அதனைப் பாலூட்டிகளோடு சேர்த்துவிட்டார். ஆயினும், ஜூரிமார் கால்மணி நேரத்தில் பரிசோதகர் பக்கமே தீர்ப்புக் கூறினர்.

அவர்களை எள்ளி நகையாட நான் உடன்படேன். சட்டத்திலுள்ள 'மீன்' என்னும் சொல் எப்பொருளில் வழங்கியது என்பதே அவர்கள்முன் நின்ற வினா. சொல்வழக்கு மக்களுடைமை. வானத்துச் சுடரை நாம் விண்மீன் என்கிறோம். அதற்குச் செதிலும் செவுளும் உண்டென்று எவரும் மயங்குவதில்லை. பின்னர் சட்டசபையே சட்டத்தைத் திருத்தித் திமிங்கில எண்ணெயை விலக்கிவிட்டது. தீர்ப்பின்போதும் திருத்தத்தின்போதும் திமிங்கிலம் தன் நுரையீரலாலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

விஞ்ஞானப் பாகுபாடோ வெறும் பெயரிடுதலன்று. கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர அது உதவுதல் வேண்டும். திமிங்கிலம் பாலூட்டி என்று அறிந்தால், இதுவரை எவரும் அறுத்துப் பாராத திமிங்கிலத்தின் செவியினுள்ளும் மூன்று சிற்றென்புகள் இருக்கும் என்று துணிந்து கூறலாம். கையுயர்த்தி எண்ணிப் பெற்ற முடிவு இத்துணிவைத் தராது.

எனவே, வகுக்கும் பொறுப்பு ஆராய்ந்தோர்க்கே உரியது என்பேன். ஆனால் காரணங் கேட்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு. அதற்கு விடையிறுத்தல் அறிஞரின் கடன். வகுப்பறையில் அது ஆசிரியரின் கடன். "திமிங்கிலம் ஏன் மீனன்று?" என்று மாணவன் வினவும்போது, "நூலில் அவ்வாறுதான் உள்ளது" என்று கூறி அமைதல் தகாது. சான்று காட்டாது சொல்லப்படும் உண்மையும் கேட்பவனுக்கு மற்றோர் அபிப்பிராயமே.