ஒரு புட்டிக்குப் பின்னால் பத்தாயிரம் பூ

1930-ஐ ஒட்டி, பாரிஸின் ழான் பட்டூ நிறுவனம் ‘ஜாய்’ என்றொரு சென்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முப்பது மில்லிக்கு 10,600 மல்லிகையும் 28 டஜன் ரோஜாவும் வேண்டும் என்று விளம்பரம் செய்தது. வியாபாரப் பேச்சு என்று ஒதுக்கலாம்; ஆனால் கணக்குப் போட்டால் ஒத்துத்தான் வருகிறது. கிலோவுக்குச் சுமார் 8,000 பூ நிற்கும். ‘அப்சொல்யூட்’ எனப்படும் கலப்பில்லாத வாசனைச் சாறு ஒரு கிலோ எடுக்க 700 கிலோ பூ வரை போகும். அப்படியானால் அந்தப் புட்டியில் மல்லிகையின் பங்கு சுமார் இரண்டு கிராம். நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு வாசனை எண்ணெய் சேரும் உயர்ந்த ரகத்துக்கு இது பொருந்தும் அளவுதான். விலை இருக்கத்தானே செய்யும்!

எனக்கு விலையைவிடப் பூதான் வியப்பு. தென் பிரான்ஸின் கிராஸ் நகரத்தில் சென்ட்டுக்காக வளர்ப்பதும், கோவை வட்டாரத்தில் மாலையாகத் தொடுப்பதும் ஒரே இனம்: ஜாதிமல்லி, தென்மாவட்டத்தார் சொல்லும் பிச்சிப்பூ. அந்தியில் அவிழும், அந்த வெண்மையும் இரவு மணமும் அந்துப்பூச்சிகளை வரவழைக்க. வெயில் ஏறினால் மணம் இறங்கிவிடும் என்பதால் விடியும் நேரத்திலேயே பறிக்கிறார்கள். நீராவியில் காய்ச்சி வடிக்கலாமென்றால் அந்தச் சூட்டை இந்த மணம் தாங்காது. அதனால் கிராஸ்காரர்கள் அந்தக் காலத்தில் கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி, அதன்மேல் பூவைப் பரப்பி ஒரு நாள் விட்டுவைத்தார்கள். பிறகு வாடியதை எடுத்துவிட்டுப் புதுப்பூ. கொழுப்பு மணத்தால் நிறையும்வரை இதே வேலை. அலுப்பான வேலைதான், இன்று ஏறக்குறைய எல்லாரும் ஹெக்ஸேன் கரைப்பானுக்கு மாறிவிட்டார்கள். ஆனால் கரைப்பானில் கிடைப்பதைவிடப் பல மடங்கு எண்ணெய் அந்தக் கொழுப்பில் கிடைத்தது. காரணம், கொடியைவிட்டுப் பிரிந்த பின்னும் மல்லிகை மணத்தைப் புதிது புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. பறிபட்ட பூவுக்கு இந்த வேலையை இட்டது யார்? படைத்தவனைத் தவிர வேறு பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அந்தச் சாற்றில் பென்சைல் அசிட்டேட்டும் லினலூலும் இருக்கின்றன. இனிமை அவற்றின் பங்கு. கூடவே நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு இண்டோல். மலத்தில் இருக்கும் அதே இண்டோல்தான்! கெட்டியாக முகர்ந்தால் முகம் சுளிப்போம். அதை அடியோடு நீக்கிவிட்டாலோ, மல்லிகைக்கு உயிர் போய்ச் சோப்பு வாசனைதான் மிஞ்சும். இந்தப் பதத்தைப் பிடிக்க சென்ட் செய்பவர் வருஷக்கணக்கில் மூக்கைப் பழக்குகிறார். தராசும் பள்ளிக்கூடமும் இல்லாத கொடி, மொட்டுக்கு மொட்டு அதைத் தவறாமல் கலக்கிறது.

இன்னொரு பொருளும் உண்டு. 1962-ல் ஜாதிமல்லி எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த மீத்தைல் ஜாஸ்மோனேட். மணப்பொருள் என்றே முதலில் அறிந்திருந்தார்கள். 1990-ல் அமெரிக்காவில் ஆய்வு செய்த ஃபார்மரும் ரயனும், இதே ஆவியை வெளியிடும் காட்டுப் புதர் ஒன்றின் கிளைகளைத் தக்காளிச் செடியோடு ஒரே கூண்டில் அடைத்து வைத்தார்கள். தக்காளியில் புழு இல்லை, கீறல் இல்லை, யாரும் இலையைத் தொடக்கூட இல்லை. ஆனாலும் அது, பூச்சியின் செரிமானத்தைத் தடுக்கும் புரதங்களை இலைகளில் சேர்க்கத் தொடங்கிவிட்டது.