பல்கலைக்கழகப் படிப்புக்குப் பணம்: பெற்றோரும் மாணவரும் அறிய வேண்டியவை



1983-ஆம் ஆண்டில் ஒரு நாள், பீடோங் வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர்த் தோட்டத்திற்கு ஒரு கடிதம் வந்தது. எஸ்.டி.பி.எம். தேர்வில் தேறியிருந்த என் அக்காவுக்குப் பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அக்கா அதை உரக்கப் படித்துக் காட்டினார். பால்மரம் வெட்டிவிட்டு வந்து வாசலில் அமர்ந்திருந்த அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு ஆகும்மா?"

பதிவு நாளன்று கட்ட வேண்டிய தொகை எங்கள் வீட்டின் இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேல் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் எதுவும் பேசவில்லை. கடிதம் தகரப் பெட்டிக்குள் போயிற்று. அக்கா பாயான் லெப்பாஸ் மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குப் போனார்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே பல்கலைக்கழகத்தில் நான் சேர்ந்தேன். அக்காவின் சம்பளத்தில்தான் படித்தேன். விடுதியில் என் அறையில் தங்கியிருந்த பாலிங் பையன் எங்களைவிட ஏழ்மையான வீட்டுப் பிள்ளை. "நீ எப்படிப் படிக்கிறாய்?" என்று கேட்டேன். "கடனுக்குப் பாரம் போட்டேன், கிடைத்தது" என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அக்காவைத் தடுத்து நிறுத்தியது வறுமை மட்டுமன்று. கேட்கலாம் என்பது எங்கள் லயத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பின்னர் நான் ஆசிரியரானேன். பல ஆண்டுகளாகச் சுங்கை பட்டாணியிலும் சுற்று வட்டாரத் தோட்டங்களிலும் மாணவர்கள் விண்ணப்பப் பாரம் நிரப்ப உதவி வருகிறேன். அந்த அனுபவத்தில் கண்டவற்றை இங்கே சொல்கிறேன்.

மூவகைப் பணம்

படிப்புக்குக் கிடைக்கும் பணம் மூன்று வகைப்படும். இவற்றை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதுதான் முதல் தவறு.

உபகாரச் சம்பளம் தேர்ச்சிக்காகத் தரப்படுவது. இதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் சிலவற்றில் ஒப்பந்தம் உண்டு. படிப்பு முடிந்து குறிப்பிட்ட காலம் வேலை செய்ய வேண்டும் என்றோ, படிப்பைப் பாதியில் விட்டால் பணத்தைக் கட்ட வேண்டும் என்றோ நிபந்தனை இருக்கும்.

உதவி நிதி குடும்பத்தின் தேவையைப் பார்த்துத் தரப்படுவது. இதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு முறை மட்டுமே, சிறு தொகையாகக் கிடைக்கும்.

கடன் கடன்தான். அரசாங்கம் கொடுத்தாலும் அது பிள்ளையின் பெயரில் எழுதப்படும் கடன். "அரசாங்கப் பணம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று நினைத்துக் கையெழுத்திட்டவர்கள் பின்னால் வருந்தியதைப் பார்த்திருக்கிறேன். கடன் என்ற சொல்லுக்கே அஞ்சிப் படிப்பைக் கைவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் வேண்டாம்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் உபகாரச் சம்பளம், அடுத்து உதவி நிதி, மீதிப் பள்ளத்தை நிரப்ப மட்டும் கடன்.

எங்கே கேட்பது?

நம் சமுதாயத்தில் இதற்கு முன்மாதிரி உண்டு. சுதந்திரத்திற்குப் பின் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அந்த வேளையில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரராகும்படி தொழிலாளரை அழைத்தார். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நம் கெடா மாநிலத்திலுள்ள புக்கிட் சீடிம். அச்சங்கம் அங்கத்தினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி வழங்கி வருகிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அங்கத்தினராக இருந்தார்களா? பழைய பங்குப் பத்திரம் பெட்டியில் கிடக்கிறதா? இன்றே தேடிப் பாருங்கள்.

1984-இல் அமைக்கப்பட்ட எம்.ஐ.இ.டி. நம் மாணவர்களுக்குக் கல்விக் கடன் தரும் அமைப்பு. செமிலிங்கிலுள்ள ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை நிறுவியதும் அதுவே. தோட்டத் தொழிற்சங்கம், மித்ரா, அறநிலையங்கள், ஆலய நிர்வாகங்கள் ஆகியவற்றிலும் விசாரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் முடிவு நாள் உண்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் அமைப்பின் பெயர், முடிவு நாள், கேட்கும் பத்திரங்கள் என மூன்று பத்தி போட்டு எழுதி வையுங்கள். பணம் இல்லாமல் தவறிப்போன உதவிகளைவிட, நாள் கடந்து தவறிப்போன உதவிகளே அதிகம் என்பது என் அனுபவம்.

பெற்றோரின் ஊழியர் சேமநிதியையும் மறக்க வேண்டாம். பிள்ளைகளின் உயர்கல்விக் கட்டணத்திற்காக அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்க அனுமதி உண்டு. ஆனால் அது உங்கள் முதுமைக்கான சோறு. மற்ற வழிகள் எல்லாம் பார்த்த பிறகே அதில் கை வையுங்கள்.

பி.டி.பி.டி.என். கடன்

தேசிய உயர்கல்வி நிதிக் கழகமான பி.டி.பி.டி.என். 1997-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் செயல்படத் தொடங்கியது. குடும்ப வருமானத்தையும் படிப்பின் வகையையும் பொறுத்துக் கடன் தொகை அமையும். விண்ணப்பிப்பவர் மலேசியக் குடிமகனாகவும், எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு உள்ளவராகவும் இருக்க வேண்டும். பணம் பருவந்தோறும் பிரித்துத் தரப்படும். தேர்ச்சிச் சராசரி 2.00-க்குக் கீழே போனால் அடுத்த தவணை நின்றுவிடும்.

2008-இலிருந்து இக்கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம் என்ற முறை வந்தது. ஓர் உதாரணக் கணக்கு: கடன் 24,000 வெள்ளி, திருப்பிச் செலுத்தும் காலம் 10 ஆண்டு என வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 வெள்ளி வீதம் பத்தாண்டுக்குச் சேவைக் கட்டணம் 2,400. மொத்தம் 26,400 வெள்ளி. அதை 120 மாதத்தால் வகுத்தால் மாதம் 220 வெள்ளி. கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இந்த எண்ணைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். வேலைக்குப் போனதும் முதல் சம்பளத்தில் அது எடுத்து வைக்கப்பட வேண்டிய தொகை.

இளங்கலைப் பட்டப் படிப்பில் முதல் வகுப்பில் தேறுவோருக்குத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்களிக்கும் ஏற்பாடும் உண்டு. யாருக்கு என்ற நிபந்தனைகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

தனியார் கல்லூரி என்றால்

பட்டணத்தில் கடை போட்டு, "காசே வேண்டாம், எல்லாம் கடனில் பார்த்துக்கொள்ளலாம்" என்று அழைக்கும் முகவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, அப்படிப்புக்கு மலேசியத் தகுதி முகவாண்மையின் அங்கீகாரம் உண்டா? இரண்டு, கட்டணத்துக்கும் கடனுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி? ஆண்டுக் கட்டணம் 15,000, கடன் 10,000 என்றால் ஆண்டுக்கு 5,000 குறையும். மூன்று ஆண்டில் அது 15,000 வெள்ளி. எங்கிருந்து வரும்? இக்கணக்கைப் போடாமல் சேர்ந்து, இரண்டாம் ஆண்டில் பட்டமும் இல்லாமல் கடனோடு வீடு திரும்பிய பிள்ளைகள் நம்மிடையே உண்டு.

முதல் வாரமும் பத்திரங்களும்

கடனுக்கு விண்ணப்பித்த பணம் பதிவு நாளுக்கு முன் கைக்கு வந்துவிடாது. இந்த இடைவெளியில்தான் அம்மாவின் சங்கிலி அடகுக்கடைக்குப் போகிறது. வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்காகப் பி.டி.பி.டி.என். முன்பணம் தரும் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்கிறது. இது தனி உதவியன்று. பின்னர் கடனிலிருந்து கழிக்கப்படும். இடம் கிடைத்த கடிதம் வந்தவுடனே இதைக் கேளுங்கள். கட்டணத்தைத் தவணையில் கட்ட வழி உண்டா என்று பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவிலும் கேளுங்கள். கேட்பது பிச்சை அன்று.

இன்னொன்று: தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருக்கும். அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் விண்ணப்பம் தடைபடலாம். இதைப் பிள்ளை படிவம் நான்கில் இருக்கும்போதே தேசியப் பதிவிலாகாவில் சரி செய்துவிடுங்கள். குடியுரிமைச் சிக்கல் இருந்தால் இன்னும் முன்பே தொடங்க வேண்டும்.

வாரக் கணக்கு

பருவப் பணம் மொத்தமாக வரும். பதினெட்டு வயதில் இரண்டாயிரம் வெள்ளியை ஒன்றாகப் பார்த்திராத பிள்ளை முதல் மாதத்திலேயே கைத்தொலைபேசி வாங்கிவிடும். ஆகவே மாதக் கணக்கு வேண்டாம், வாரக் கணக்கு போடுங்கள். கட்டணமும் விடுதியும் போக மீதி 2,000 வெள்ளி, பருவம் 20 வாரம் என்றால் வாரத்துக்கு 100 வெள்ளி. அதில் 15 வெள்ளியை எடுத்து வைத்தால் 85-இல் சாப்பாடு, பஸ், நகல் எடுக்கும் செலவு எல்லாம் அடங்க வேண்டும். எடுத்து வைத்த 300 வெள்ளி, காய்ச்சல் வந்தாலும் அடுத்த தவணை தாமதமானாலும் கைகொடுக்கும். கடன் பணத்தை ஒரு கணக்கில் வைத்து, வாரச் செலவை மட்டும் வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்வது நல்லது. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

இந்த முறையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அக்காதான். சம்பள நாளில் எனக்கு மணியார்டர் அனுப்பிவிட்டு, ஒவ்வொரு காசையும் ஒரு சிறு நோட்டில் எழுதி வைப்பார். தனக்கென்று எழுதிய வரிகள் அதில் மிகக் குறைவு.

அக்கா மகள் 2010-இல் சிந்தோக்கிலுள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். பாரத்தை நாங்கள் மூவரும் உட்கார்ந்து நிரப்பினோம். உதவி நிதி கொஞ்சம், மீதி கடன். படித்து முடித்து வேலைக்குப் போய், மாதாமாதம் தவறாமல் கட்டி, அண்மையில் கடைசித் தவணையையும் செலுத்திவிட்டாள். கணக்கு முடிந்த அறிவிப்பை அம்மாவிடம் காட்டினாள். அக்கா அதை வாங்கிப் படித்துவிட்டு, அதே தகரப் பெட்டியைத் திறந்து, 1983-ஆம் ஆண்டுக் கடிதத்தின் மேல் வைத்தார்.

அக்கடிதத்தை அவர் இத்தனை காலம் வைத்திருந்தது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைக்கு வரும் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு யாரிடமாவது போய்க் கேளுங்கள். பள்ளி ஆசிரியரிடம் கேளுங்கள், ஆலயத்தில் கேளுங்கள், முன்னே படித்து வந்த அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். வழி தெரிந்தவர்கள் நம்மிடையே இன்று பலர் இருக்கிறார்கள்.