உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு தங்குவண்டி

ஆகஸ்ட் 15ஆம் திகதி மடுத் திருவிழா நெருங்கும்போது எமது மாவட்டத்துக் கிராமங்களில் உழவு இயந்திரப் பெட்டிகளுக்குக் கம்பு வளைத்துப் படங்கு கட்டும் வேலை தொடங்கிவிடும். வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போகும் அயலவர்களும் இதையேதான் செய்கிறார்கள். அண்மைக் காலமாகச் சில இளைஞர்கள் இதற்கும் ஒருபடி மேலே போக விரும்புகிறார்கள். கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் உள்ள உறவினர்கள் அனுப்பும் படங்களில் கட்டில், அடுப்பு, கதவு, யன்னல் எல்லாம் உள்ள இழுவை வீடுகளைப் பார்த்துவிட்டு, "சாமி, எங்கட பெட்டியையும் இப்பிடி மாத்தேலாதா?" என்று கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் ஒட்டுவேலைக்காரரிடம் போவதற்கு முன் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். அது தெரியாமல் செய்த ஒரு பெட்டியால் எங்கள் பங்கில் ஒருவர் மூன்று மாதம் காலில் மாவுக்கட்டுடன் கிடந்தார்.

சீனக்குடா மா ஆலையிலிருந்தும் சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்தும் கந்தளாய்ப் பக்கமாக ஓடும் நீண்ட லொறிகளை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அவற்றின் பின்பெட்டிக்கு முன்சில்லுகள் கிடையாது. பெட்டியின் முன்பக்கம் இழுக்கும் வண்டியின் முதுகில் உள்ள ஒரு கனத்த தட்டில் அமர்ந்திருக்கும். பெட்டியின் அடியிலுள்ள இரண்டு அங்குல விட்டமுள்ள உருக்கு முளை அந்தத் தட்டின் வாய்க்குள் பூட்டிக்கொள்ளும். இதற்கு ஐந்தாம் சில்லு என்று பெயர். அந்தக் காலத்து நான்கு சில்லுக் குதிரை வண்டியில் முன் அச்சு திரும்புவதற்காகக் கிடையாக ஒரு வளையம் வைத்திருந்தார்கள். உருளாத அந்த வளையமே ஐந்தாவது சில்லாக எண்ணப்பட்டது. பெயர் அங்கிருந்து வந்தது.

இந்த முறையில் வீட்டுவண்டி செய்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் விமான முன்னோடியான கிளென் கேர்ட்டிஸ். 1920களின் இறுதியில் அவர் உருவாக்கிய ஏரோகார் வண்டிக்குக் கனத்த இரும்புச் சட்டம் போடவில்லை. பழைய விமான உடலைப் போல மெல்லிய மரச்சட்டம் அமைத்து, அதை மூலைக்கு மூலை கம்பியால் இழுத்துக் கட்டினார். எங்கள் பட்டறைகளில் பலம் என்றால் தடித்த இரும்பு என்றே நினைக்கிறார்கள். குறுக்காக இழுத்துக் கட்டிய மெல்லிய சட்டம், குறுக்குக் கட்டு இல்லாத தடித்த சட்டத்தை விட நன்றாகத் தாங்கும். வேலி கட்டத் தெரிந்த எவருக்கும் இது புதிய செய்தியல்ல.

இனி எமது இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு வருவோம். லாண்ட்மாஸ்டர் என்று நாம் அழைக்கும் இந்த இயந்திரத்துக்கு ஓர் அச்சு, பெட்டிக்கு ஓர் அச்சு. பெட்டியின் பாரத்தில் ஒரு பங்கு கொளுக்கி வழியாக இயந்திரத்தின் மேல் விழுகிறது. கொளுத்தும் விதம் வேறு என்றாலும், பாரம் பகிரப்படும் விதத்தில் இது அந்தப் பெரிய லொறியின் தம்பிதான். மாட்டுவண்டிக்காரர் இதை எப்போதோ அறிந்திருந்தார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து மாட்டின் தொண்டையைக் கயிறு இறுக்கும். ஆகவே மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் வண்டியை எடுப்பார்கள். இயந்திரம் வாய்விட்டுக் கத்தாததால் நாம் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். பெட்டி, கட்டில், சாமான் எல்லாம் சேர்ந்து 600 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கொளுக்கியிலிருந்து பெட்டியின் அச்சுக்கு 250 சென்ரிமீற்றர். பாரத்தின் மையம் அச்சுக்கு முன்னால் 40 சென்ரிமீற்றரில் இருக்கிறது. 600ஐ 40ஆல் பெருக்கி 250ஆல் பிரித்தால் 96 வரும். கொளுக்கியில் விழும் முன்பாரம் 96 கிலோ, அதாவது மொத்தத்தில் 16 வீதம். இது நல்ல அளவு. இப்போது 200 லீற்றர் தண்ணீர்ப் பீப்பா ஒன்றைப் பெட்டியின் பின்புறத்தில், அச்சிலிருந்து 100 சென்ரிமீற்றர் தள்ளி வைக்கிறீர்கள். அது கொளுக்கியை 80 கிலோ அளவுக்கு மேலே தூக்கும். எஞ்சுவது 16 கிலோ. அந்த நேரத்தில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் பின்படியில், அச்சிலிருந்து 150 சென்ரிமீற்றரில் ஏறி நின்றால் மேலும் 36 கிலோ கழியும். கொளுக்கி மேலே எழும்பும், இயந்திரத்தின் மூக்கு நிலத்தில் குத்தும். நான் மேலே சொன்ன பெட்டியில் நடந்தது ஏறக்குறைய இதுதான். பீப்பாவைப் பின்னால் வைத்தது தண்ணீர் எடுக்க வசதி என்பதற்காக!

பெரிய ஐந்தாம் சில்லு வீட்டுவண்டிகளில் மொத்தப் பாரத்தின் 15 முதல் 25 வீதம் வரை முளையில் விழும்படி அமைக்கிறார்கள். கார்களின் வாலில் குண்டுக் கொளுக்கியில் இழுக்கும் பெட்டிகளுக்கு 10 முதல் 15 வீதம். எமது சிறிய பெட்டிக்கு 15ஐ ஒட்டி வைத்தால் போதும். ஆனால் இயந்திரத்தின் கைநூலில் கொளுக்கிக்குக் குறித்துள்ள எல்லையைத் தாண்டக்கூடாது. அளப்பது கடினமல்ல. முழுச் சாமானையும் ஏற்றி, பெட்டியைச் சமதரையில் மட்டமாக நிறுத்தி, கொளுக்கியின் கீழே நெல் நிறுக்கும் மேடைத் தராசை வையுங்கள். தராசு காட்டுவதே முன்பாரம். அளக்கும்போது சில்லுகளுக்குக் கல் அடை கொடுக்க மறக்கவேண்டாம்.

எனவே தண்ணீரும் அரிசி மூட்டையும் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால், தரையோடு தாழ்வாக இருக்கட்டும். கட்டில் நீளவாட்டில் வரட்டும். பின்புறம் துணியும் பாயும் மட்டும்.

சுவருக்கு என்ன போடுவது? எட்டடிக்கு நாலடி ஒட்டுப்பலகை 6 மில்லிமீற்றர் தடிப்பில் சுமார் 11 கிலோ வரும். அதே அளவில் 1 மில்லிமீற்றர் இரும்புத் தகடு 23 கிலோ, அலுமினியத் தகடு 8 கிலோ. என் விருப்பம் இடுப்பளவுக்கு ஒட்டுப்பலகை, அதற்கு மேல் சுருட்டக்கூடிய படங்கு. இதில் பாரம் குறைவதோடு இன்னொரு நன்மையும் உண்டு. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வெளியான வயல்வீதியில் குறுக்கே அடிக்கும்போது உயரமான பலகைச் சுவர் பாய்மரம் போலாகிவிடும். ஓடும்போது படங்கைச் சுருட்டிவிட்டால் காற்று ஊடே போய்விடும்.

அடுத்தது இறக்கம். இதை இயந்திரம் ஓட்டும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். லாண்ட்மாஸ்டரின் கைபிடியில் இடமும் வலமும் திருப்பும் கிளச் பிடிகள் இருக்கின்றன. சமதரையில் இடது பிடியை அழுத்தினால் இடது சில்லுக்கு விசை நின்றுவிடும், வலது சில்லு தள்ளும், இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது நிலைமை தலைகீழ். பெட்டி பின்னாலிருந்து தள்ளுகிறது, எஞ்சின் இரண்டு சில்லுகளையும் பிடித்து வைத்திருக்கிறது. அப்போது இடது பிடியை அழுத்தினால் இடது சில்லு பிடியிலிருந்து விடுபட்டு வேகமாக உருளும், வலது சில்லு பிடிபட்டே இருக்கும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும்! பதற்றத்தில் ஓட்டுபவர் அதே பிடியை இன்னும் இறுக்குவார். பெட்டி கனக்கக் கனக்க இந்த ஆபத்தும் கூடும். ஆகவே இறக்கத்துக்கு முன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றுங்கள், பிடிகளைத் தொடாமல் கைபிடியைக் கையால் தள்ளித் திருப்புங்கள், பெட்டியின் கால் பிறேக்கை மெதுவாக அழுத்துங்கள். நியூற்றலில் இறங்கவே கூடாது. பிறேக் இல்லாத பெட்டியைத் தங்குவண்டியாக மாற்றவேண்டாம். ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவைத் தாண்டிய எந்த இழுவைப் பெட்டிக்கும் பிறேக் கட்டாயம். மேடுபள்ளமான எமது வீதிகளில் அதற்குக் குறைந்த பெட்டிக்கும் அது வேண்டும் என்பேன்.

பிக்கப் வைத்திருப்பவர்கள் உண்மையான ஐந்தாம் சில்லையே பொருத்தலாமா என்று கேட்பதுண்டு. பொருத்தலாம். அப்போது முளை பிக்கப்பின் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் வரவேண்டும். அதனால்தான் வால் ஆட்டம் குறைகிறது. தட்டைச் சட்டத்தோடு முடுக்க வேண்டும், பின்தொட்டியின் தகரத்தோடு அல்ல. டபிள் கப் வண்டியில் பின்தொட்டி குட்டை என்பதால் கூர்வளைவில் பெட்டியின் முன்மூலை ஓட்டுநர் அறையில் மோதும். முளையையும் தட்டையும் எந்த இரும்பு என்று தெரியாத துண்டில் கடைந்து எடுக்காமல், அதற்கென்று செய்ததை வாங்குங்கள். இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகள் எந்த வகைக் கொளுக்கிக்கும் தேவை.

ஓடும்போது பெட்டிக்குள் ஆட்கள் இருப்பதை நான் விரும்பவில்லை. இது தூங்குவதற்கான வண்டி. குழந்தைகளும் முதியவர்களும் பஸ்ஸில் வரட்டும். ஹொரவபொத்தானை வழியாக வவுனியா போய்ச் சேரும் அந்த நீண்ட வீதியில் இரவில் ஓடவும் வேண்டாம். ஓட நேர்ந்தால் பெட்டியின் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் ஒளி தெறிக்கும் பட்டியும் இருக்கட்டும். முதற் பயணம் சாமான் மட்டும் ஏற்றி, ஆட்கள் இல்லாமல், பக்கத்துக் கிராமம் வரை. திரும்பி வந்ததும் சில்லு நட்டுகளை மறுபடி முடுக்கி, ஒட்டிய இடங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று சுண்ணாம்பு பூசிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் வெள்ளையில் கருங்கோடாகத் தெரியும்.