ஊர்ச்சொத்து – 9: கையெழுத்துக்குப் பிறகு

சென்னை சென்ட்ரலிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே நடந்தால் புறநகர் ரயில் முனையம், விக்டோரியா பொது மண்டபம், ரிப்பன் மாளிகை என்று அடுத்தடுத்து வரும். பின்னால் நேரு விளையாட்டரங்கம். இத்தனையும் நிற்பது ஒரே பூங்காவின் மண்ணில். 1859-60இல் மதராஸ் ஆளுநராக இருந்த சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியில் உருவான பீப்பிள்ஸ் பார்க்கின் பரப்பு 116 ஏக்கர். குளங்களும் வண்டிப் பாதைகளும், பழைய சென்னைவாசிகள் ‘உயிர் காலேஜ்’ என்று அழைத்த மிருகக்காட்சி சாலையும் அதற்குள் இருந்தன. இன்று அங்கே மிஞ்சியிருக்கும் பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இந்த நிலத்தை யாரும் இரவோடு இரவாக வேலி போட்டு வளைக்கவில்லை. கடைத்தெரு, அலுவலகம், விளையாட்டரங்கம் என்று ஒவ்வொரு துண்டும் ஒரு பொதுக் காரணத்தைச் சொல்லித்தான், கோப்பு வழியாகத்தான் போனது. அதில் ஒரு துண்டின் கதையை மட்டும் இந்த வாரம் நிதானமாகப் பார்ப்போம்.

நகரத்துக்கு ஒரு பொது மண்டபம் வேண்டும் என்று 1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். சில ஆண்டுகள் கழித்து நகராட்சி தன் பூங்காவிலிருந்து 57 கிரவுண்டு நிலத்தை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது. கிரவுண்டுக்கு எட்டணா. ஆக மொத்தம் இருபத்தெட்டரை ரூபாய். சிசோம் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டிய சிவப்புக் கட்டடமாக விக்டோரியா பொது மண்டபம் எழுந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1897இல் விவேகானந்தர் அங்கே பேசினார். அந்தக் குத்தகையைக் கொடுத்தது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். நகரத்துக்கு அது திருப்பித் தந்தது எட்டணாவில் அளக்கக்கூடியதல்ல.

சிக்கல் 99ஆம் ஆண்டில் வந்தது. குத்தகை 1985இல் முடிந்தது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை; ரூபாய், நகரம், அரசு எல்லாமே மாறிவிட்டன. மண்டபத்தை நிர்வகித்த அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் தகராறு மூண்டு நீதிமன்றம் வரை போயிற்று. இழுபறி நடந்த ஆண்டுகளில் கூரை ஒழுகியது, மரம் உளுத்தது. கடைசியில் கட்டடம் மாநகராட்சியின் கைக்கு வந்து, 2023இல் முழுச் சீரமைப்பு தொடங்கியபோது போட்ட மதிப்பீடு 30 கோடி ரூபாயைத் தாண்டியது.

அதே 1985இல்தான் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட் தீயில் எரிந்தது. அந்த இடம் ரயில்வேக்குப் போனது. மிருகக்காட்சி சாலையும் அதே ஆண்டில் வண்டலூரில் புது இடம் கண்டது. ஒரே ஆண்டில் அந்தப் பூங்காவின் மூன்று துண்டுகளுக்கு எதிர்காலம் என்ன என்ற கேள்வி எழுந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்து வைத்து, இங்கே என்ன வேண்டும் என்று ஊரைக் கேட்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திருக்காது.

குத்தகைப் பதிவேடு என்று ஒன்று எல்லா நகராட்சியிலும் உண்டு. யாருக்கு, எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் ஏறியிருக்க வேண்டும். முடிவுத் தேதிக்கு இரண்டு மூன்று ஆண்டு முன்பே ஒருவர் அந்தக் கோப்பை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதுதான் பல ஊர்களில் தெளிவாக இல்லை. வருவாய்ப் பிரிவில் அலுவலர் மாறுகிறார், அவருக்குப் பின் வருபவரும் மாறுகிறார். மாநகராட்சிக் கடையை ஏலத்தில் எடுத்தவர் வேறு, உள்வாடகைக்கு இருந்து வியாபாரம் செய்கிறவர் வேறு. வாடகையை வருடக்கணக்கில் தொடாமல் விட்டுவிட்டு ஒரே நாளில் பல மடங்கு ஏற்றினால், சிறு வியாபாரி நீதிமன்றப் படி ஏறாமல் என்ன செய்வார்? அவர் மேல் எனக்குக் கோபமில்லை. காலாகாலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் அவரும் கட்டியிருப்பார்.

புதிதாக வரும் நிலத்துக்கும் இதே கதிதான். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் பெரிய அடுக்குமாடி கட்டுபவர், சாலை போக மீதியில் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாகத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று சொல்வது இதைத்தான். பத்திரம் பதிவானதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வருவாய்க் கணக்கில் பெயர் மாற வேண்டும், வேலி போட வேண்டும், பலகை வைக்க வேண்டும். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த இடம் குடியிருப்பின் கார் நிறுத்துமிடமாகி, பிறகு அதன் கேட்டுக்குள்ளேயே போய்விடும்.

குத்தகையின் நீளத்தைப் பற்றிப் பேசும்போது சிகாகோவை விட்டுவிட முடியாது. 2008 டிசம்பரில் அந்த நகரம் தன் தெருக்களில் இருந்த சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்கு ஒரு தனியார் கூட்டமைப்பிடம் ஒப்படைத்தது. கைக்கு வந்தது 115 கோடி டாலர். அறிவித்த சில நாட்களுக்குள் நகர மன்றம் 40க்கு 5 என்று நிறைவேற்றிவிட்டது. அடுத்த ஆண்டே நகரத்தின் தலைமை ஆய்வாளர், ஏறத்தாழ 97 கோடி டாலர் குறைவாக விற்றுவிட்டீர்கள் என்று அறிக்கை கொடுத்தார். வந்த பணத்தின் பெரும்பகுதி சில ஆண்டுகளில் பட்ஜெட் ஓட்டையை அடைக்கவே போய்விட்டது. இன்று சிகாகோவில் திருவிழாவுக்கோ சாலை வேலைக்கோ ஒரு தெருவை மூடி மீட்டரை முடக்கினால், இழந்த வருமானத்தை நகரம் அந்த நிறுவனத்துக்கு ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அன்று கை தூக்கிய உறுப்பினர்களின் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் இது ஓடும்.

சொத்தைக் கொடுப்பதில் உள்ள இதே பலவீனம் பொருளையும் வேலையையும் வாங்குவதிலும் இருக்கிறது.

ஒப்பந்தப்புள்ளிகளுக்கென்று வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1998. இது நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டிய சட்டம். அதன் விதிகள் 2000இல் வந்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். டெண்டர் கோருபவரும் ஏற்பவரும் யார் யார் என்று வரையறுத்திருக்கிறது. பேரம் பேசுவதென்றால் மிகக் குறைந்த விலை கொடுத்தவரிடம் மட்டும்தான் பேசலாம். முடிவு பிடிக்காதவர் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓட்டைகள் இல்லாமல் இல்லை. வேலையைத் துண்டு துண்டாகப் போடுவது, ஒரே ஆளுக்குப் பொருந்துகிற மாதிரி தகுதி எழுதுவது, எல்லாம் ஊரறிந்தவை. அவற்றையாவது பத்திரிகைகள் எழுதுகின்றன, எதிர்க்கட்சி கேட்கிறது, போட்டி ஒப்பந்ததாரரே வழக்குப் போடுகிறார். பணி ஆணை கையில் கிடைத்த மறுநாளிலிருந்து அந்தக் கண்கள் எல்லாம் வேறு பக்கம் திரும்பிவிடுகின்றன.

அதற்குப் பிறகு எல்லாம் எம்-புக்கில் இருக்கிறது. அளவுப் புத்தகம். பொறியாளர் களத்தில் நின்று நீளம், அகலம், கனம் அளந்து தேதியோடு அதில் எழுதுவார், மேலதிகாரி சரிபார்ப்பார், அதை வைத்துத்தான் பில். 7 மீட்டர் அகலத்தில் ஒரு கிலோமீட்டர் சாலைக்கு 30 மில்லிமீட்டர் தார்க்கலவை மேல்தளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் 25 போட்டுவிட்டு புத்தகத்தில் 30 என்று எழுதினால், போடாமல் போன கலவை 35 கன மீட்டர். எடையில் 80 டன்னுக்கு மேல், பத்து டன் லாரிக்கு எட்டு லோடு. ஐந்து மில்லிமீட்டர் என்பது உங்கள் சுண்டுவிரல் நகத்தின் பாதி அகலம்தான். ரோலர் ஓடி முடிந்த பிறகு வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. துளையிட்டு மாதிரி எடுத்தால்தான் தெரியும்.

போட்ட சாலைக்கு ஒப்பந்ததாரர் பொறுப்பேற்கும் காலம் என்று ஒன்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதற்குள் பெயர்ந்தால் அவர் செலவில் சரி செய்ய வேண்டும். இடையில் குடிநீர்க் குழாய்க்கோ மின்கேபிளுக்கோ ஒரு பள்ளம் தோண்டிவிட்டால், பெயர்ந்ததற்குக் காரணம் அந்தப் பள்ளம்தான் என்று சொல்ல அவருக்கு வழி கிடைத்துவிடும். தோண்டும் தேதியையும் சாலை போடும் தேதியையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தால் இந்தச் சச்சரவே எழாது.

சென்னையில் 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 200 வார்டுகள் கொண்ட நகரத்தில் ஐந்தாண்டுக்கும் மேலாக, எம்-புக்கைப் பற்றியோ முடிந்துபோன குத்தகையைப் பற்றியோ எழுந்து நின்று கேட்கும் கவுன்சிலர் ஒருவரும் இல்லை. தணிக்கைத் துறை எழுதும் ஆட்சேபங்களுக்கு அலுவலகமே கேள்வியும் அலுவலகமே பதிலுமாகக் காலம் ஓடியது. இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நாம் போதுமான அளவு பேசவில்லை என்பது என் வருத்தம்.

இப்போது மாமன்றம் இருக்கிறது. உங்கள் வார்டில் மாநகராட்சிக்குச் சொந்தமான கடைகள், மண்டபங்கள், ஓ.எஸ்.ஆர். நிலங்கள் எவை, ஒவ்வொன்றின் குத்தகையும் எந்தத் தேதியில் முடிகிறது என்ற பட்டியலைக் கவுன்சிலரிடம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாள். அந்தச் சட்டத்தின் பிரிவு 2(ஜே)யைப் பலரும் முழுதாகப் படிப்பதில்லை. ஆவண நகல் கேட்பதோடு, நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், போட்ட பொருளின் சான்றளித்த மாதிரியைப் பெறவும் அது குடிமக்களுக்கு உரிமை தருகிறது. உங்கள் தெருவில் போட்ட தார்க்கலவையின் மாதிரியையும், அதே தெருவின் எம்-புக் பக்கத்தின் நகலையும் ஒரே மனுவில் கேட்கலாம்.