வெள்ளைப் பந்தை அடக்கினவனே கில்லாடி!
அடிப்பது பாதி வித்தை. நிறுத்துவது மீதி வித்தை

கோவில்பட்டி,

கோலை நீட்டி ஒரே குத்து! எட்டாம் நம்பர் கறுப்புப் பந்து 'டொக்'கென்று குழிக்குள் விழுகிறது. ஆட்டக்காரர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு. ஆனால் வெள்ளைப் பந்து நிற்கவில்லை. மெள்ள உருண்டு எதிர் மூலைக் குழிக்குள் அதுவும் 'தொபுக்'!

அவ்வளவுதான், ஆட்டம் காலி! 'எட்டுப் பந்து' ஆட்டத்தில் கறுப்போடு வெள்ளையும் விழுந்தால் தோல்விதான். ஸ்னூக்கரில் வெள்ளை விழுந்தால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளி தானம்!

கரிசல் சீமைக்காரர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. கோலி ஆட்டத்தில், அடித்த கோலி எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போடுகிறவனே ஜெயிப்பான். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் குழிக்குள் போனால் அபராதம். ஹாக்கிக்குப் பேர் போன கோவில்பட்டியில், பந்தை அடக்கத் தெரியாதவன் ஆட்டக்காரனே இல்லை!

குத்துகிற இடத்தில் சூட்சுமம்

வெள்ளைப் பந்தின் மேல் பாகத்தில் குத்தினால், மோதிய பிறகும் அது முன்னால் ஓடும். கீழ்ப் பாகத்தில் குத்தினால் பின்பக்கமாகச் சுழன்றபடி போகும்; மோதியதும் 'விர்'ரென்று திரும்பி வரும். பக்கவாட்டில் குத்தினால் மேஜை ஓரத்து ரப்பரில் பட்டுத் திசை மாறும்.

நட்ட நடுவில் நிறுத்த வேண்டுமா? மோதும் நேரத்தில் வெள்ளைப் பந்தில் எந்தச் சுழற்சியும் இருக்கக் கூடாது. நேருக்கு நேர் மோதினால் வேகம் முழுவதையும் அடுத்த பந்துக்குக் கொடுத்துவிட்டு, ஆணி அடித்தாற்போல் நின்றுவிடும். தூரம் அதிகமானால் கொஞ்சம் கீழே குத்த வேண்டும். இல்லாவிட்டால் போகிற வழியிலேயே பச்சை விரிப்பு பந்தை உருள வைத்துவிடும்.

சாய்வாக மோதினால் கணக்கே வேறு. சுழற்சி இல்லாத வெள்ளைப் பந்து, அடிபட்ட பந்தின் பாதைக்குச் செங்குத்தாக விலகும். உருண்டு வந்த பந்தோ, பாதிக்குப் பாதி மோதினால் தன் பழைய பாதையிலிருந்து சுமார் 30 டிகிரி திரும்பும்.

சிறையில் பிறந்த வித்தை!

இத்தனைக்கும் ஆதாரம், கோலின் நுனியில் ஒட்டியிருக்கும் சின்னத் தோல் துண்டு. அதைக் கண்டுபிடித்தவர் ஒரு கைதி! பிரெஞ்சு ராணுவ கேப்டன் மிங்கோ, பாரீஸ் நகரச் சிறையில் அடைபட்டிருந்தபோது செய்து பார்த்த சோதனை அது. 1807-ல் வெளியே வந்தவர், வெள்ளைப் பந்தைத் திரும்பி வரவைத்து ஊரையே வாய் பிளக்க வைத்தார். இன்று அந்தத் தோலில் சாக்கட்டி தேய்க்காமல் யாரும் குத்துவதில்லை. தேய்க்காவிட்டால் நுனி வழுக்கி, குத்து பிசகும்.

ஊட்டிக்கும் பங்கு உண்டு

ஸ்னூக்கர் பிறந்தது இந்திய மண்ணில். 1875-ல் ஜபல்பூர் ராணுவ முகாமில் பொழுது போகாத வெள்ளைக்கார அதிகாரி நெவில் சேம்பர்லைன் தொடங்கிவைத்தார் என்பது வரலாறு. (பிரதமராக இருந்தவர் வேறு!) ஆட்டத்தின் விதிகள் 1882-ல் நமது ஊட்டி கிளப்பில் எழுதி மாட்டப்பட்டன.

1958-ல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 2025 நவம்பரில் தோஹாவில் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன், ஹாங்காங் வீராங்கனை இங் ஆன் யீயை 3-2 என்று வீழ்த்தி உலக ஸ்னூக்கர் பட்டத்தைத் தட்டி வந்தார். ஐந்து சுற்று இழுபறி! இப்படிப்பட்ட ஆட்டத்தில் வெள்ளை ஒரு சாண் தள்ளி நின்றால்கூட பட்டம் கை மாறிவிடும்.

ஆகவே கோல் பிடிக்கும் இளவட்டங்களே! 'ஓங்கிக் குத்தினால் விழுந்துடும்' என்ற நினைப்பை விடுங்கள். விழ வேண்டிய பந்தை எல்லாரும் பார்ப்பார்கள். நிற்க வேண்டிய பந்தைப் பார்க்கிறவன்தான் அடுத்த குத்தும் குத்துவான். மற்றவன் கோலைச் சாத்தி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்!