வீணை கையில் இல்லாதபோது

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மில், இளமையில் வீணை பயின்றவர் பலர் உளர். ஆயின், வீணை எங்கும் எளிதில் உடன் வரும் வாத்தியம் அன்று. பலா மரத்தில் குடைந்த குடமும் மெழுகின்மீது பதித்த மெட்டுகளும் நெடும் பயணத்தின் அதிர்ச்சிக்கு ஏற்றவை அல்ல. வடநாட்டுக் கோடையில் மெழுகு இளகி மெட்டுகள் நிலைபெயர்வதும் உண்டு. ஆகவே, மாற்றல் உத்தரவு வந்ததும் வீணையை உறையிட்டு ஊரிலேயே வைத்துவிட்டு வருகிறோம். சில ஆண்டுகள் சென்றபின், ‘கை போய்விட்டது’ என்று கூறி அக்கலையையே மறந்துவிடுகிறோம். இவ்விழப்பில் பெரும்பகுதியைத் தடுக்க வழி உண்டு. மனத்தினால் சாதகம் செய்வதே அவ்வழியாகும்.

இது வெறும் ஆறுதல் மொழி அன்று. 1995-ஆம் ஆண்டில் ஆல்வாரோ பாஸ்குவல்-லியோனே என்னும் நரம்பியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். பியானோ வாசித்து அறியாத சிலருக்கு ஐந்து விரல்களால் வாசிக்கும் ஒரு சிறு பாடம் கற்பிக்கப்பட்டது. ஒரு சாரார் நாள்தோறும் 2 மணி நேரம் வீதம் 5 நாட்கள் அதனை வாசித்தனர். மற்றொரு சாரார் அதே நேரம் விரலை அசைக்காமல், வாசிப்பதாக எண்ணி மட்டும் பயின்றனர். விரல்களை இயக்கும் மூளைப் பகுதி இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒரே விதமாக விரிவடைந்திருந்தது. மனத்தால் பயின்றவர்களின் திறமை, 5-ஆம் நாள் முடிவில், வாசித்தவர்கள் 3-ஆம் நாளில் எய்திய அளவில் நின்றது. பின்னர் அவர்கள் ஒரே ஒரு முறை 2 மணி நேரம் கையால் வாசித்ததும், மற்றவர்களின் 5-ஆம் நாள் நிலையை எட்டிவிட்டனர்.

நம் சங்கீத மரபுக்கு இது புதுமை அன்று. வீணை மாணவர் பாடத்தை முதலில் வாயால் பாடிக் காட்டுவதும், மிருதங்க மாணவர் சொற்கட்டை நாவால் சொல்லிப் பழகுவதும் இக்கருத்தைப் பற்றியவையே.

இனி, முறையைக் காண்போம். வீணையில் ஒரு ஸ்தாயிக்கு 12 ஆக 24 மெட்டுகள் உள்ளன. மோகன ராகத்தை எடுத்துக்கொள்வோம். சாரணித் தந்தியைத் திறந்து மீட்டினால் ச; 2-ஆம் மெட்டில் ரி; 4-இல் க; 7-இல் ப; 9-இல் த; 12-இல் மேல் ச. கண்ணை மூடி, இடக்கை விரல்கள் இவ்விடங்களில் நகர்வதை மனத்தில் காண வேண்டும். காண்பதோடு நில்லாமல், ஒவ்வொரு ஸ்வரத்தின் நாதத்தையும் அகச்செவியில் கேட்க வேண்டும். தந்தி விரலை அழுத்துவதையும் உணர வேண்டும். அடுத்து, வலக்கை மீட்டும் இடங்களையும், சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தொடும் இடங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் விளம்ப காலத்தில், ஒரு வர்ணத்தின் பல்லவி மட்டும் போதும். அலுவலகத்திற்குச் செல்லும் பேருந்தில் கிடைக்கும் கால் மணி நேரமே இதற்குப் போதுமானது.

இவ்வாறு செய்கையில் ஓரிடத்தில் விரல் எங்கே செல்கிறது என்பது புலப்படாமல் மங்கும். அவ்விடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே நாம் இதுவரை அறிந்து வாசிக்கவில்லை. விரல் பழக்கத்தினால் ஓடியிருக்கிறது. அப்பகுதியை நிறுத்தி, ஸ்வரங்களைப் பாடி, மெட்டுகளை எண்ணித் தெளிந்த பின்னரே மேலே செல்ல வேண்டும். இல்லையேல் பிழையே பதிந்துவிடும்.

மனத்தால் ஆகாதவையும் உள. விரல் நுனியின் காய்ப்பு மறைந்துவிடும். கமகத்திற்காகத் தந்தியை இழுக்கும் வலிமையும், இழுத்த ஸ்வரம் சுருதியில் நின்றதா என்னும் சோதனையும் வாத்தியத்தினாலேயே கிட்டும். ஆகையால், விடுமுறையில் ஊருக்குச் சென்றதும் முதல் நாளே நெடுநேரம் வாசித்து விரலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். கால் மணி நேரத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துவோமாக. பாடாந்தரம் மனத்தில் சிதையாமல் இருக்குமாயின், விரல்கள் தம் பழைய வழியை விரைவில் கண்டுகொள்ளும்.